சார் வரட்டும்னு நின்னா மார்க் வராது: நர்ஸக்கா பதில்கள்

வெளிநாட்டு நர்சிங் லைசென்ஸ் பரீட்சை பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல போட்டதுதான் தாமதம், தொண்டில இருந்து சாயல்குடி வரைக்கும் லெட்டரும் வாட்ஸ்அப் வாய்ஸும் வந்து குவிஞ்சிருச்சு. பாதிக்கு மேல அமெரிக்காவோட என்கிளெக்ஸ் பத்திதான். ஒரே கேள்விய பல பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன், யாரும் கோச்சுக்காதீங்க.

அக்கா, பிஎஸ்சி நர்சிங் முடிச்சு ராம்நாட்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில நைட் டியூட்டி பாக்குறேன். காலேஜ்ல நான்தான் எப்பவும் முதல் மூணு பேருக்குள்ள. புக்கை வரி மாறாம சொல்லுவேன். ஆனா என்கிளெக்ஸ் பிராக்டிஸ் டெஸ்ட் போட்டா பாதி கூட தேற மாட்டேங்குது. இன்னும் எம்புட்டுதான் படிக்கிறது?
– தங்கச்சிமடம் வாசகி

இன்னும் படிக்காதம்மா. நிஜமாத்தான் சொல்றேன். உனக்கு பாடம் தெரியும், உன் லெட்டரைப் பாத்தாலே தெரியுது. அந்தப் பரீட்சை பாடத்தைக் கேக்கல, வார்டுல தனியா நிக்கிறப்ப நீ என்ன முடிவு எடுப்பேன்னு கேக்குது, நமக்கு மூணு நாலு வருஷமா கத்துக்கொடுத்தது முடிவே எடுக்காம இருக்கத்தான், "சார் வரட்டும், கேட்டுட்டு சொல்றேன்" அம்புட்டுதான்.

ஒரு கேள்வி சொல்றேன் பாரு. டியூட்டிக்கு வந்து ஹேண்ட்ஓவர் எடுத்தாச்சு, உனக்கு 4 பேஷன்ட். ஒருத்தர் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள், வலி பத்துக்கு ஏழுங்கிறார். இன்னொருத்தருக்கு சுகர் 250. மூணாவது அம்மாவுக்கு தைராய்டு ஆபரேஷன் ஆகி கொஞ்ச நேரம்தான் ஆச்சு, மூச்சை உள்ள இழுக்கும்போது கீச்சுன்னு ஒரு சத்தம் வருது. நாலாவது ஆளு டிஸ்சார்ஜ் பேப்பர் எங்கேன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்காரு. முதல்ல யாரைப் பாக்கப் போவ? நம்மூர்ல எங்க போவோம்னு உனக்கே தெரியும், யாரோட சொந்தக்காரங்க நர்சிங் ஸ்டேஷன்ல வந்து கத்துறாங்களோ அங்கதான். ஆனா விடை அந்த தைராய்டு அம்மா. கழுத்துக்குள்ள ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அமுக்கலாம், வீக்கமா இருக்கலாம், பக்கத்துல இருக்குற பாராதைராய்டு அடிபட்டு கால்சியம் இறங்கி குரல்வளை இறுகலாம், எதுவா இருந்தாலும் நிமிஷக் கணக்குல ஆள் போயிரும். அதனாலதான் அந்த கட்டில்கிட்ட டிரக்கியாஸ்டமி செட்டும் (கழுத்துல துளை போட்டு மூச்சுக்கு வழி பண்றது) கால்சியம் குளுக்கோனேட்டும் தயாரா இருக்கணும்னு சொல்றது. வலிக்குதுன்னு கத்துறவருக்கு காத்து போய் வந்துக்கிட்டு இருக்கு, அதனாலதானே கத்த முடியுது!

இன்னொண்ணு. ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்கும்போது பேஷன்ட் குளிருது, இடுப்பு வலிக்குதுங்கிறார். நாலு ஆப்ஷன்ல ஒண்ணு "டாக்டருக்கு தகவல் சொல்லுதல்". நம்ம பிள்ளைங்க பத்துல எட்டு பேர் கண்ணை மூடிக்கிட்டு அதைத்தான் தொடுவாங்க. முதல்ல ரத்தத்தை நிறுத்து! அப்புறம் புது டியூப்ல நார்மல் சலைன் போட்டு வெயினை காப்பாத்து, பிபி பல்ஸ் பாரு, போனை அப்புறம் எடு. நீ போன் பண்ணிக்கிட்டு நிக்கிற நேரத்துலயும் அந்த ரத்தம் உள்ள போய்க்கிட்டுதான் இருக்கும். அதுக்காக டாக்டரைக் கூப்பிடுற ஆப்ஷன் எல்லாமே தப்புன்னு முடிவு கட்டிராத, நீ செய்யக்கூடியதை செஞ்சு முடிச்ச நிலைமைய கேள்வியே சொல்லிருச்சுன்னா அப்ப அதுதான் விடை.

2023 ஏப்ரல்ல இருந்து கேள்வி முறை வேற மாறியிருக்கு. ஒரு பேஷன்டோட முழுக் கதையும் குடுப்பாங்க, நர்ஸ் நோட்ஸ், லேப் ரிப்போர்ட், மணிக்கு மணி பிபி எல்லாம் இருக்கும், அதுல 6 கேள்வி, அந்த மாதிரி 3 கேஸ். எது கவனிக்க வேண்டிய அறிகுறின்னு தொடங்கி, என்னவா இருக்கும், எது ரொம்ப ஆபத்து, என்னென்ன செய்யலாம், எதை செய்வ, செஞ்சது வேலை செஞ்சுதான்னு வரிசையா போகும். இதுக்கு உன் நைட் டியூட்டிதான் கோச்சிங் சென்டர். ஹேண்ட்ஓவர் வாங்கும்போதே இன்னைக்கு யாரு முதல்ல மோசமாவாங்கன்னு மனசுக்குள்ள ஒரு வரிசை போடு, காலையில போகும்போது சரியா வந்துச்சான்னு பாரு. பிராக்டிஸ் டெஸ்ட்ல தப்பு போனா சரியான விடைய எழுதி வைக்காத, உன் விடை ஏன் உனக்கு சரின்னு தோணுச்சுன்னு எழுது. நாலு பக்கம் எழுதினா உன் பழக்கம் என்னன்னு உனக்கே தெரிஞ்சிரும்.

மக நர்சிங் முடிச்சிருக்கு. ஏஜென்ட் ஒருத்தர் 6 லட்சம் கட்டுங்க, பரீட்சை, விசா எல்லாம் நாங்களே பாத்துக்கிறோம், ஒரு வருஷத்துல அமெரிக்கா வேலை கன்ஃபார்ம்னு சொல்றார். நான் விசைப்படகுல போறவன், தடைக்காலம் வந்தா கையில காசு ஓடாது. நகையை வச்சு கட்டலாமா?
– மண்டபம் வாசகர்

வேண்டாம்ணே. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கரையிலயே நிக்கும், அந்த நேரத்துல நகைக்கு வட்டி எங்கிருந்து கட்டுவீங்க?

பரீட்சைக்கு உண்மையா ஆகுற செலவு என்னன்னு பாருங்க. பதிவுக்கு 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளிய எழுதுறதால இன்னொரு 150 டாலர். அதுக்கு முன்னாடி எந்த அமெரிக்க மாநிலத்து நர்சிங் போர்டு மூலமா எழுதுதோ அதுக்கு தனி ஃபீஸ், நம்ம சர்டிபிகேட்டை சரிபார்க்க தனி ஃபீஸ், இங்கிலீஷ் பரீட்சைக்கு தனி. எல்லாத்தையும் மகளே தன் பேர்ல, தன் ஈமெயில்ல, கார்டு போட்டு கட்டலாம், ரசீது அவ கைக்கே வரும். ஏஜென்ட்கிட்ட அந்த ஈமெயிலும் பாஸ்வேர்டும் போயிருச்சுன்னா அப்புறம் உங்க மக சர்டிபிகேட் விவரம் அவர்கிட்ட அடமானம் மாதிரிதான்.

இப்ப முக்கியமானது. பாஸ் பண்றது வேற, பிளைட் ஏறுறது வேற. நர்ஸுங்க பெரும்பாலும் போறது இபி-3ங்கிற கிரீன் கார்டு வழியில, அதுல இந்தியாவுல பிறந்தவங்களுக்கு உள்ள வரிசை 10 வருஷத்துக்கும் மேல நீண்டு கிடக்கு. ஒரு வருஷம்னு சொல்ற அந்த மனுஷன்கிட்ட இந்த வரிசையைப் பத்தி மட்டும் கேளுங்க, முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க. அதுக்காக பரீட்சை வீண்னு நினைக்காதீங்க. கனடாவுல 2015லிருந்து இதே என்கிளெக்ஸ்தான், ஆஸ்திரேலியாவுலயும் நம்மள மாதிரி வெளிய படிச்சவங்க பலருக்கு 2020லிருந்து இதுதான் முதல் படி, அப்புறம் அங்க போய் ஒரு செய்முறைத் தேர்வு இருக்கு.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புறவர் மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும், இ-மைக்ரேட் வெப்சைட்ல பேர் இருக்கான்னு பாக்கலாம். அவர் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான். 6 லட்சத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது. தமிழ்நாடு அரசோடதே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னைல இருக்கு, நர்ஸ் வேலைக்கு அடிக்கடி அறிவிப்பு போடுவாங்க, முதல்ல அங்க விசாரிங்கண்ணே.

எங்க வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார். நான் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா). குழந்தை பிறந்ததால வேலைக்கு போகல. தெரிஞ்ச ஆஸ்பத்திரில எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கித் தர்றதா சொந்தக்காரங்க சொல்றாங்க. வாங்கலாமா?
– கீழக்கரை வாசகி

வாங்கவே வாங்காதீங்கமா. துபாய்க்கு டிஹெச்ஏ, அபுதாபிக்கு டிஓஹெச், மத்த எமிரேட்டுக்கு சுகாதார அமைச்சகம், சவுதிக்கு வேற ஆணையம்னு லைசென்ஸ் குடுக்குற இடம் வேற வேற, ஆனா டேட்டாஃப்ளோங்கிற சரிபார்ப்பு எல்லா இடத்துலயும் பொது மாதிரிதான். அவங்க நீங்க குடுக்குற சர்டிபிகேட் காப்பியை மட்டும் நம்பி விட மாட்டாங்க, படிச்ச காலேஜ், நர்ஸிங் கவுன்சில், வேலை பாத்த ஆஸ்பத்திரின்னு நேரா அங்கயே எழுதிக் கேப்பாங்க. சம்பளப் பட்டியல்ல உங்க பேர் இல்லாம, நாளைக்கு அந்த ஆஸ்பத்திரில மேனேஜர் மாறி "இவங்க யாருன்னே தெரியாது"ன்னு பதில் போட்டா உங்க பேர்ல பொய் ஆவணம்னு ரிப்போர்ட் விழும். அது விழுந்தா பரீட்சைல நூத்துக்கு நூறு எடுத்தும் பிரயோஜனம் இல்ல.

இடைவெளி எம்புட்டு இருக்கலாம், அனுபவம் எம்புட்டு வேணும்ங்கிற ரூல் அடிக்கடி மாறும், அப்ளை பண்ற அன்னைக்கு அந்த ஆணையத்தோட வெப்சைட்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. இப்போதைக்கு பிள்ளைய உம்மாகிட்ட விட்டுட்டு பக்கத்துலயே நிஜமா ஒரு வேலைல சேருங்க, சம்பளம் கம்மியா இருந்தாலும் பேங்க் வழியா வாங்குங்க. சாந்தோம்ல இருக்குற தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவு காலாவதி ஆகாம இருக்கான்னும் பாத்துக்குங்க, உங்க பதிவு ஒழுங்கா இருக்குன்னு சொல்ற குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட் அங்கதான் வாங்கணும்.

என்கிளெக்ஸ்ல மனநல நர்சிங் பகுதியில மட்டும் எனக்கு எல்லாமே தப்பா போகுது. நான் பேஷன்டுகிட்ட ரொம்ப அன்பா பேசுறவ, எனக்கே இது சரியா வராதது கஷ்டமா இருக்குக்கா.
– ஏர்வாடி வாசகி

அன்பாப் பேசுறதுனாலதான் தப்பா போகுது, சிரிக்காத. கேன்சர்னு தெரிஞ்ச ஒரு அம்மா "நான் பிழைப்பேனா சிஸ்டர்"னு கேக்குறாங்க. நீ என்ன சொல்லுவ? "கவலைப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது." நம்ம ஊர்ல அதச் சொல்லலைன்னா கல்நெஞ்சுக்காரின்னு பேர் வாங்குவோம். பரீட்சைல அது தப்பு, உனக்குத் தெரியாததை நீ வாக்கு குடுக்குற, அவங்க பேச வந்ததையும் அங்கயே அடைச்சுட்ட. "ஏன் அப்படி நினைக்கிறீங்க"ன்னு கேட்டாலும் தப்பு, ஏன்னு கேட்டா விசாரணை மாதிரி ஆயிரும். "டாக்டர்கிட்ட கேளுங்க" சொல்லவே வேணாம், கை கழுவுறது. சரியான விடை அனேகமா இப்படித்தான் இருக்கும்: "உங்களுக்கு பயமா இருக்கு போல. எதை நினைச்சு ரொம்ப பயமா இருக்குன்னு சொல்றீங்களா?" சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரணும். நமக்கு கஷ்டம் அந்த வாயை மூடுறதுதான்.

காதுல குரல் கேக்குதுங்கிற பேஷன்டுக்கு ஆமான்னும் சொல்லாத, இல்லைன்னும் சண்டை போடாத. "எனக்கு அந்தக் குரல் கேக்கல, ஆனா உங்களுக்கு கேக்குறது பயமா இருக்கும்னு புரியுது"ன்னு சொல்லு. அதுக்கு முன்னாடி அந்தக் குரல் என்ன சொல்லுதுன்னு கேளு, யாரையாவது வெட்டு, கடல்ல குதின்னு சொல்லிச்சுன்னா பாதுகாப்புதான் முதல். தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேரா வாய்விட்டுக் கேக்கணும், கேட்டா ஐடியா குடுத்த மாதிரி ஆயிரும்னு நம்மூர்ல ஒரு நினைப்பு இருக்கு, அது தப்பு.

கட்டிப் போடுறது பத்தி கேள்வி வந்தா நீ ஏர்வாடிக்காரி, உனக்கு நான் சொல்லணுமா. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலைல உங்க ஊர்ல மனநோயாளிகளை வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சப்ப சங்கிலில கிடந்த 28 பேர் ஓட முடியாம செத்துப் போனாங்க. பரீட்சைல கட்டுறதுங்கிறது எல்லா வழியும் பாத்த பிறகு கடைசியா வர்றது, அதுக்கு டாக்டர் ஆர்டர் வேணும், ஒரே இழுப்புல அவிழுற முடிச்சா இருக்கணும், கட்டிலோட பக்கக் கம்பில கட்டாம, தலைப்பக்கம் தூக்கி இறக்கும்போது கூடவே நகர்ற சட்டத்துல கட்டணும், விரல் குளிர்ந்திருக்கா நீலமாயிருக்கான்னு அடிக்கடி பாக்கணும். இந்த ஒவ்வொண்ணும் தனித்தனியா கேள்வியா வரும்.

என்கிளெக்ஸ்ல மருந்து பேரே புரியல, கணக்கும் பயம்.
– சாயல்குடி வாசகி

பேர்தான் வேற, மருந்து நீ தினம் குடுக்குறதுதான். பாரசிட்டமால் அங்க அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்பூட்டமால் ஆல்பூட்டரால், பெத்திடின் மெப்பெரிடின், லிக்னோகெய்ன் லிடோகெய்ன். கம்பெனி பேர் வராது, மூலப்பேர்தான் வரும், நம்ம மெடிக்கல் ஷாப் பழக்கத்தை விட்டுரு. டிஜாக்ஸின் குடுக்குறதுக்கு முன்னாடி நாடி 60க்கு கீழ இருந்தா நிறுத்தி வைக்கணும், பொட்டாசியம் குளோரைடை ஒருநாளும் நேரா ஊசில தள்ளக் கூடாது, மெக்னீசியம் சல்பேட் போறப்ப முட்டித் தட்டு அசைவு போயிருச்சுன்னா நிறுத்திட்டு கால்சியம் குளுக்கோனேட், இதெல்லாம் திரும்பத் திரும்ப வர்றது.

கணக்குக்கு ஆன்ஸ்க்ரீன் கால்குலேட்டரே இருக்கு. 1000 எம்எல் சலைன் 8 மணி நேரத்துல போகணும், செட் ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டுன்னா, 1000ஐ 20ஆல பெருக்கி 480 நிமிஷத்தால வகுத்தா 41.66, அரைச் சொட்டுன்னு ஒண்ணு கிடையாது, 42. குழந்தை எடைய பவுண்டுல குடுத்தா 2.2ஆல வகுத்து கிலோவாக்கிட்டு மருந்தை போடு, 44 பவுண்டுன்னா 20 கிலோ. அதை மறந்தா குழந்தைக்கு ரெண்டு மடங்கு மருந்து போயிரும்.

எனக்கு இனிஷியல் மட்டும்தான். சர்டிபிகேட்ல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல அப்பா பேர் சேர்ந்திருக்கு. பரீட்சைக்கு பிரச்சனை வருமா?
– பெரியபட்டினம் வாசகி

வரும், இப்பவே சரி பண்ணு. சென்டர் வாசல்ல பாஸ்போர்ட்ல உள்ள பேரையும், பதிவுக்கு அப்புறம் ஈமெயில்ல வர்ற அனுமதிக் கடிதத்துல உள்ள பேரையும் ஒத்துப் பாப்பாங்க, முதல் பேரும் கடைசிப் பேரும் ஒத்துப் போகலைன்னா உள்ள விட மாட்டாங்க, கட்டின காசும் போச்சு. அதனால பதிவு பண்ணும்போது பாஸ்போர்ட்ல இருக்குறது எழுத்து மாறாம அப்படியே போடு. பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலியா இருக்குறவங்க அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே இனிஷியலை விரிச்சு புது பாஸ்போர்ட் வாங்கிருங்க. சர்டிபிகேட்ல இருக்குறதும் இதுவும் ஒரே ஆள்தான்னு காட்ட அஃபிடவிட்டோ கெஸட்டோ கைல இருக்கட்டும்.

என்கிளெக்ஸ்ல 85வது கேள்வில கம்ப்யூட்டர் ஆஃப் ஆச்சு. பாஸ்னு நினைச்சு கேக் வெட்டிட்டோம். ஃபெயில். ஊர்ல வெளிய தலை காட்ட முடியல.
– தொண்டி வாசகி

கேக் நல்லா இருந்துச்சுல்ல, விடு. 85ல நின்னா பாஸ்னு யாரோ கிளப்பி விட்டது. குறைஞ்சது 85, அதிகபட்சம் 150, இதுல 15 கேள்வி மார்க்குக்கே சேராத சோதனைக் கேள்வி. நீ சரியாப் போட்டா அடுத்தது கஷ்டமா வரும், தப்பாப் போட்டா லேசா வரும், இவ தேறுவா இல்ல தேற மாட்டான்னு 95 சதவீதம் உறுதியானதும் நிறுத்திரும். ரெண்டு பக்கமும் 85ல நிக்கலாம். எழுதும்போது பாதிக்குப் பாதி தப்பு போற மாதிரியே இருக்கும், அது எல்லாருக்கும் அப்படித்தான்.

ஃபெயிலானவங்களுக்கு ஒரு ரிப்போர்ட் வருமே, எந்தப் பகுதில தேறும் அளவுக்கு மேல, பக்கத்துல, கீழன்னு போட்டு, அதை கோபத்துல டெலீட் பண்ணிராத. கீழன்னு போட்டதை மட்டும் இனி படி. 45 நாள் கழிச்சு திரும்ப எழுதலாம். பொருந்துறதை எல்லாத்தையும் டிக் பண்ணுன்னு சொல்ற வகைக் கேள்விக்கு இப்ப பாதி மார்க்கும் உண்டு, ஆனா தப்பா ஒண்ணு தொட்டா சரியான ஒண்ணை கழிச்சிரும், அதனால நிச்சயமா தெரிஞ்சதை மட்டும் தொடு.

லண்டனுக்கு எது சுலபம்?
– ஆர்.எஸ்.மங்கலம் வாசகர்

லண்டனுக்கு என்கிளெக்ஸ் கிடையாது தம்பி. முதல்ல சிபிடிங்கிற கம்ப்யூட்டர் தேர்வு, அதுல கணக்கு 15 கேள்வி, நர்சிங் 100 கேள்வி, அதை இங்கயே எழுதலாம். அப்புறம் அங்க போய் 10 ஸ்டேஷன் உள்ள ஆஸ்கிங்கிற செய்முறைத் தேர்வு. நம்மாளுங்களுக்கு மாட்டுறது பரீட்சைல இல்ல, இங்கிலீஷ்ல. ஐஈஎல்டிஎஸ்னா மொத்தம் 7, ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங்ல தனித்தனியாவும் 7 வேணும், ரைட்டிங்ல மட்டும் 6.5 போதும். ஓஈடிங்கிற இன்னொரு இங்கிலீஷ் பரீட்சைல நர்ஸுக்குன்னே எழுதின கேள்வி வரும், பேஷன்டை ரெஃபர் பண்ற லெட்டர் எழுதச் சொல்லுவாங்க, வார்டுல இருக்குறவங்களுக்கு அது தோதா இருக்கும்.

அடுத்த மாசம் சென்னைல என்கிளெக்ஸ் எக்ஸாம். ராத்திரி ரயில் ஏறி காலையில இறங்கி நேரா போயிரலாம்னு வீட்ல சொல்றாங்க.
– ராமேஸ்வரம் வாசகி

ரயில் லேட் ஆச்சுன்னா? ஒருநாள் முன்னாடியே போயிரு, சொந்தக்காரங்க வீடு சென்டருக்கு தூரமா இருந்தா பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி தங்கினா தப்பில்ல. சாயங்காலம் ஒருதரம் போய் பில்டிங்கை பாத்து வச்சுக்க. அசல் பாஸ்போர்ட் இல்லாம வேற எந்த அட்டையும் செல்லாது, காலாவதி தேதிய இன்னைக்கே பாரு. உள்ள போறப்ப உள்ளங்கை நரம்பை ஸ்கேன் எடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போன், வாட்ச், கைக்குட்டை வரைக்கும் லாக்கர்ல. எழுதிப் பாக்க அழிக்கிற போர்டும் பேனாவும் அவங்களே தருவாங்க.

மொத்தம் 5 மணி நேரம். 2 மணி நேரம் கழிச்சு ஒரு பிரேக் கேக்கும், மூன்றரை மணி நேரத்துல இன்னொண்ணு, ரெண்டும் அந்த 5 மணி நேரத்துக்குள்ளதான் கழியும், ஆனாலும் முதல் பிரேக்கை விடாத, போய் தண்ணி குடிச்சுட்டு வா. முன்னாடி கேள்விக்கு திரும்பிப் போக முடியாது, போனதை நினைச்சு உக்காந்திருக்காத. காலையில இட்லி ரெண்டு போதும், ஏசி ரொம்ப ஜில்லுன்னு இருக்கும், பாக்கெட் இல்லாத முழுக்கை சுடிதார் போட்டுக்க. அனுமதிக் கடிதத்தோட தேதி முடியுறதுக்குள்ள எழுதியாகணும், அதை நீட்டிக்க மாட்டாங்க, அதனால அந்தத் தேதில வீட்ல விசேஷம் எதுவும் வைக்க வேண்டாம்னு அம்மாகிட்ட இப்பவே சொல்லிரு.